பரிசோதனை இலவசம்; பகல் பொழுது?

காசநோய்க்குச் சளிப் பரிசோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். எக்ஸ்ரே இலவசம். ஆறு மாத மருந்தும் இலவசம். அப்படி இருந்தும், மாதக்கணக்கில் இருமிக்கொண்டே தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்?

"அறியாமை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயம் அல்ல.

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. அங்கிருந்து பழவேற்காடு ஏரி வரை மீனவர் குப்பங்கள். காட்டுப்பள்ளிக்குத் துறைமுகம் வந்துவிட்டது. கப்பல் கட்டும் தளமும் வந்துவிட்டது. ஆனால் பழவேற்காட்டில் இருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இன்றும் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஏரித் தீவுகளில் இருப்பவர்களுக்கு முதலில் படகு, பிறகு பஸ்.

தூரம்கூடப் பரவாயில்லை. நேரம்தான் பெரிய தொல்லை!

விடியற்காலையில்...

பரிசோதனைக்கு இரண்டு தடவை சளி கேட்பார்கள். ஒன்று, போன இடத்திலேயே. மற்றது, காலையில் எழுந்தவுடன் வரும் சளி. இரவெல்லாம் நெஞ்சில் தங்கிய சளியில் கிருமி சுலபமாக அகப்படும். சரி, விடியற்காலையில் மீனவர் எங்கே இருப்பார்? கடலில்! கரை சேர்ந்து, மீனை ஏலம் விட்டு, வலையை உதறி நிமிர்வதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிந்துவிடும்.

ஏரியில் "பாடு" என்று ஒரு வழக்கம் உண்டு. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாளை விட்டுவிட்டு, டப்பாவும் கையுமாக வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்?

தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீரிலேயே கிடக்கிற உடம்புக்குச் சளி பிடிப்பது ஆச்சரியமா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயாக இருக்கலாம் என்ற சந்தேகமே எழாமல் போகிறது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு!

சேத்துப்பட்டு காட்டிய வழி

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று 1959-ல் முடிவு வெளிவந்தது. உலக வைத்தியமே மாறியது!

மருந்து வீடு தேடிப் போனது. பரிசோதனை மட்டும் மனிதனை அலைக்கழிக்கலாமா?

சளிக்குப் பஸ் டிக்கெட் வேண்டாம். முதல் நாள் மாலையே குப்பத்தில் டப்பாவைக் கொடுங்கள். எழுந்ததும் வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் துப்பி, மூடி வைத்துவிட்டு அவர் கடலுக்குப் போகட்டும். ஊழியர் வந்து எடுத்துப் போகட்டும். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் இப்போது உண்டு. முகாம் போடுவதானால், ஏலம் முடிந்த பிறகு, மீன் இறங்கும் இடத்திலேயே போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. காசநோய் உறுதியானால், சத்துணவுக்காக மத்திய சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய். உயர்த்தியது நல்ல காரியம். ஆனால், நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போன நாளின் கூலியை யார் தருவது? "உனக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவரும் ஒரு நாள் பிழைப்பை இழந்தவர்தானே? அவருக்கும் அந்த நாள் கூலியைக் கொடுத்தால் என்ன?

வீண் செலவு என்று அதிகாரிகள் சொல்லலாம். மருந்து சாப்பிடாத ஒரு நோயாளி, ஒரு வருஷத்தில் 10 முதல் 15 பேருக்குக் கிருமியைப் பரப்பக்கூடும். அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதி, கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.