நன்னடத்தை அதிகாரிக்கு நேரம் எங்கே?

1958-ல் பார்லிமெண்ட் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை நிறைவேற்றியது. தவறிவிட்ட ஒருவனை ஜெயிலில் தள்ளாமல், பத்திரம் எழுதி வாங்கி, நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது 4-வது பிரிவு. 14-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேவையானால் அவனுக்கு வேலை தேடிக் கொடுக்கவும் அதிகாரி முயல வேண்டும்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?

வேலைப்பளு என்றால் என்னவென்று மில் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தறி பார்த்தவன் தலையில் நாலு தறியைக் கட்டினால் நூல் அறுவதைக் கவனிக்க முடியாது. இங்கே அறுவது மனித வாழ்க்கை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அதிகாரியிடம் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி. ஆக 200 மணி. கோர்ட் அறிக்கைக்கும் ஆபீஸ் காகிதத்துக்கும் பாதி போனால் மீதி 100. ஆளுக்கு 1 மணி 40 நிமிஷம். பஸ்ஸில் போய்வரும் நேரமும் இதற்குள்தான்!

கலசப்பாக்கம் பக்கமிருந்து ஜவ்வாது மலையேறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, உள்ளே ஒரு கிராமத்துக்கு நடந்து திரும்பவே ஒரு நாள் போய்விடும். அப்போது என்ன நடக்கும்? அதிகாரி மலைக்கு வரமாட்டார். மலைவாசி அன்றைய கூலியை இழந்து, பஸ்சுக்குக் காசு கொடுத்து, ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவான். இதற்குப் பெயர் மேற்பார்வையா?

வேலை தேடித் தரும் கடமை என்ன ஆகும்? வேலையில்லாத மலைவாசியைத் தேடி முதலில் வருபவன் செம்மரப் புரோக்கர். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரத் தனிப்படை சுட்டுக் கொன்ற 20 தமிழகக் கூலிகளில் திருவண்ணாமலை மாவட்டத்தாரும் உண்டு. சுடுவதற்கு ஆளும் வர்க்கத்திடம் ஆள் உண்டு. வேலை தேடித் தரத்தான் ஆள் போதவில்லை!

தனியாரிடம் விடலாம் என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். 2014-15-ல் டோரி தலைமையிலான கூட்டணி சர்க்கார் இந்த வேலையின் பெரும்பகுதியைப் பிரித்துக் கம்பெனிகளிடம் கொடுத்தது. பலருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு டெலிபோன் பேச்சே மேற்பார்வை என்றாயிற்று. 2021-ல் சர்க்காரே திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

நாம் கோருவது இதுதான்: ஒரு அதிகாரிக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வேண்டும். மலைக் கிராமங்களுக்கு மாதம் ஒரு முறை அதிகாரியே வர வேண்டும். அதற்கு வண்டியும் படியும் தர வேண்டும். எத்தனை இடங்கள் காலி என்பதை மாவட்டவாரியாக சர்க்கார் வெளியிட வேண்டும்.

பணக்காரனுக்கு வக்கீல் இருக்கிறார். ஏழைக்கு இருப்பது இந்த அதிகாரியின் நேரம்தான். அதைக் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் வேலை, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வேலை. தோழர்களே, கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்!