காலை, மாலை என்று எழுதுவதை விடுவோம்

மாடித்தோட்டப் பயிற்சி எந்த ஊரில் நடந்தாலும் கேள்வி நேரத்தில் முதலில் வருவது இதுதான்: "தண்ணி தினமும் ஊத்தணுமா சார், ஒரு வேளையா, ரெண்டு வேளையா?" நம்மில் பலர் "காலையில் ஒரு வேளை, வெயில் காலத்தில் ரெண்டு வேளை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். விதைப் பொட்டலத்தோடும் வளர்பையோடும் கொடுக்கிற துண்டறிக்கைகளிலும் பெரும்பாலும் இதே வரிதான். அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பது நம் கருத்து.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. நீராவிப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. விட்டமுள்ள பையில் நட்டு ஒரு வாரமான தக்காளி நாற்றுக்கு, பையின் வாய்ப்பரப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டாலும், பயிர்க் குணகம் 0.6 எனில் கால் லிட்டர் போதும். அதே செடி 60 செ.மீ. அகலத்துக்குப் படர்ந்து காய்க்கும்போது குணகம் 1.15, தேவை ஏறக்குறைய இரண்டு லிட்டர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 56ஆம் பாசன ஏடு 1998இல் தந்த குணகங்கள் இவை. பையும் மாடியும் வெயிலும் மாறவில்லை, தேவை மட்டும் எட்டு மடங்காகிவிட்டது. சுற்றிலும் கொதிக்கும் தளமும் காற்றும் இருக்கிற தனிச்செடி இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிய பையில் கலவை 21 லிட்டர். அதில் செடி சிரமமில்லாமல் எடுக்கக்கூடியது ஐந்தில் ஒரு பங்கு என்றால் நாலு லிட்டர்தான். காய்க்கிற செடிக்கு அது இரண்டு நாள் வரும். நாற்றுக்கு இரண்டு வாரம்கூட வரலாம். இரண்டுக்கும் சேர்த்து "தினமும் இரு வேளை" என்று எப்படி எழுதுவது?

நாற்றுக்கு நேரும் கெடுதல்தான் அதிகம். தென்னை நார்க்கழிவு மேலே சட்டென்று காய்ந்து வெளிர்நிறமாகிவிடும். அடியில் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். பார்ப்பவர் மேல்நிறத்தை நம்பி மறுபடியும் ஊற்றுவார். இலை மஞ்சளாகும், பையைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசுக்கள் பறக்கும். அந்த மிளகாய்ச் செடியை மெல்லப் பிடுங்கி வேரை விரலால் உருவிப் பாருங்கள். பழுப்பேறிய மேல்தோல் கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். வேரழுகல். ஆனால் செடி வாடித்தான் நிற்கும். வீட்டுக்காரர் இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்.

வாட்டத்தை வைத்து முடிவெடுப்பதே சிக்கலானது. பூசணியும் கத்தரியும் ஈரம் இருந்தாலும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் நாம் யோசிக்க வேண்டும். அப்போதும் கலவை ஈரமாக இருந்தால் தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல இழையிறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்குத் தண்ணீர் மருந்தல்ல. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்ப்பது, பையை ஒரு பக்கம் தூக்கி எடை பார்ப்பது, இந்த இரண்டையும் பயிற்சியிலேயே ஒவ்வொருவரையும் கையால் செய்ய வைத்தால் பாதி வேலை முடிந்தது.

தரைத்தோட்டம் வேறு கதை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று விவசாயி சொல்வது அங்கே அப்படியே பொருந்தும். களிமண் பாங்கான கொல்லையில் சதுர மீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் நிதானமாக இறங்கும்படி விட்டு, நாலைந்து நாள் காயவிட்டு, மறுபடி விடலாம். மணற்பாங்கான இடத்தில் அளவைக் குறைத்து முறையைக் கூட்ட வேண்டும். தினமும் பூவாளியால் தெளித்துவிட்டுப் போனால் மேலிரண்டு அங்குலம்தான் நனையும், வேரும் அங்கேயே தங்கிவிடும். மூடாக்கு பற்றி இந்த இதழில் பலமுறை எழுதியாயிற்று.

பையில் அப்படிக் காயவிடுவது ஆகாது, காய்க்கும் பருவத்தில் குறிப்பாக. மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் கொட்டினால் தக்காளி வெடிக்கும், பூவடி அழுகும், வெள்ளரி கசக்கும். பூவடி அழுகலுக்கு முட்டை ஓட்டுப் பொடி சொல்கிற வழக்கம் நம்மவர்களிடமே இருக்கிறது. பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து கலவையிலேயே இருக்கும். தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. ஓட்டைப் பொடிக்கிற நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் விடும் சொட்டுவானைப் பொருத்திவிடலாம்.

இதையெல்லாம்விட நாம் பேசத் தவறுவது உப்பு. சென்னையின் கடலோரப் பகுதிகளில் பல வீடுகளில் தோட்டத்துக்குப் போவது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். 1977இல் மாஸ், ஹாஃப்மன் வெளியிட்ட அட்டவணைப்படி பீன்ஸும் கேரட்டும் 1.0 டெசிசீமன்ஸிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும், வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4.0 வரை தாங்கும். இவை மண்சாற்றின் அளவுகள், பாசன நீருக்கானவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆலோசனை சொல்வதைப் பார்க்கிறோம். தண்ணீரைப் பொறுத்தவரை 0.7க்குக் கீழ் கவலையில்லை, 3.0க்கு மேல் காய்கறிக்குப் பெரும்பாலும் ஆகாது என்பது பொதுவான வரம்பு. வீட்டிலுள்ள டி.டி.எஸ். பேனாவில் 450க்குள் காட்டினால் முதல் வகை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மூலத் தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீர் அது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை என்று சொல்லிவிடலாம், அதைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இங்கேதான் நம் வழக்கமான அறிவுரை ஒன்று இடிக்கிறது. தளம் ஒழுகுமோ என்ற பயத்தில் "அடியில் வடியாத அளவுக்கு ஊற்றுங்கள்" என்கிறோம். நல்ல தண்ணீருக்கு அது சரி. உப்புத் தண்ணீரை அப்படி அளந்து ஊற்றினால் நீர் ஆவியாகும், உப்பு பைக்குள்ளேயே தங்கும். சில மாதங்களில் பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவம், இலை விளிம்பில் கருகல். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது, கூடினால் ஐந்தில் ஒரு பங்கு, கீழே வடிய வேண்டும். தாங்கியின் மேல் பையை வைத்து, வடிநீரைக் குழாயில் இறக்கிவிடச் சொல்வதுதான் வழி. வடகிழக்குப் பருவமழை கழுவிக் கொடுக்கும், வடிதுளை அடைபடாமல் இருந்தால்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலைமேல் நிற்கும் துளி வில்லையாகி இலையைச் சுட்டுவிடும் என்பதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் சோதித்ததில் வழவழப்பான இலைகளில் அது நடக்கவில்லை. மதியத்தில் சுடுவது குழாய்க்குள் வெயிலில் கிடந்த தண்ணீர். கையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். சாயங்காலம் ஊற்றுவதிலும் தவறில்லை, வேரில் ஊற்றினால். இலையை நனைத்துவிட்டு இருட்ட விட்டால் பாகல், பீர்க்குக் குடும்பத்தில் அடிச்சாம்பல் வரும். சாம்பல் நோய்க்கு இந்த விதி பொருந்தாது, அதற்கு நனைந்த இலை தேவையில்லை.

அடுத்த முறை துண்டறிக்கை அச்சிடும்போது "காலை, மாலை" என்ற இடத்தில் நாற்றுக்குக் கால் லிட்டர், காய்க்கும் தக்காளிக்கு இரண்டு லிட்டர், விரல் ஈரமானால் வேண்டாம், உப்புத் தண்ணீரானால் கொஞ்சம் வடியட்டும் என்று நாலு வரி போடலாம். உங்கள் பகுதியில் கோடையில் ஒரு பை எவ்வளவு குடிக்கிறது, தண்ணீரின் மின்கடத்துத்திறன் எவ்வளவு, கலவையில் நார்க்கழிவு எத்தனை பங்கு என்று அளந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். கத்தரி, வெண்டை, கீரை மூன்றுக்கும் அளவுகள் வந்தால் ஊர்வாரி அட்டவணையாகப் பிரசுரிப்போம்.