கொடிகள் பல, கையெழுத்து ஒன்று

தாராவி, மாதுங்கா, செம்பூர் வாழ் உழைக்கும் தமிழ் மக்களே!

தேர்தல் வந்தால் நம் சந்துகளில்தான் எத்தனை கொடிகள்! கொடிக்காக அண்ணனும் தம்பியும் முகம் பாராத வீடுகளும் உண்டு. ஆனால் அந்தக் கொடிகளைப் பிடித்துப் பதவிக்குப் போனவர்கள் கையெழுத்திட்ட காகிதங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வாசகம் ஒன்றாகவே இருக்கும்!

அந்த வாசகத்துக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் நவதாராளவாதம். பொருள் எளியது. அரசு மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது. லாபம் முதலாளிக்கு, இடர் உழைப்பவனுக்கு. 1991 ஜூலையில், நரசிம்மராவ் ஆட்சியில், மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டோடு அது டில்லியில் அரியணை ஏறியது. பின்னர் வந்த எந்த ஆட்சி அதை இறக்கியது?

ரயில்வே ஊழியர்களாகிய எங்கள் கதையையே கேளுங்கள். பழைய ஓய்வூதியத்தில் சம்பளப் பிடித்தம் இல்லை. ஓய்வு பெற்றதும் பாதிச் சம்பளம் உறுதி. வாஜ்பாய் அரசு 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதை நிறுத்தியது. மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடித்து, பணத்தைச் சந்தையில் போட்டது. அதற்கான சட்டத்தை 2013இல் நிறைவேற்றியது யார்? காங்கிரஸ் அரசு! ஆதரித்தது யார்? பா.ஜ.க.! தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலிலேயே அ.தி.மு.க. ஆட்சி இதைச் செய்தது. 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி ஐந்தாண்டும் அதை மாற்றவில்லை. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த திட்டம், 25 ஆண்டு உழைத்தால் பாதிச் சம்பளம் என்கிறது. பிடித்தம் மட்டும் போகவில்லை!

இடதுசாரிகள் அந்த ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேற்கு வங்கத்தில் அவர்களின் ஆட்சியில்தான், தொழில் மண்டலத்துக்கு நிலம் தர மறுத்த நந்திகிராம விவசாயிகள் மீது 2007 மார்ச் 14இல் துப்பாக்கி வெடித்தது. 14 உயிர்கள் போயின.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். தாராவியைத் தனியாரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2004இல் ஒப்புதல் தந்தது காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் ஆட்சி. 2018இல் மீண்டும் டெண்டர் விட்டது பா.ஜ.க. - சிவசேனை ஆட்சி. 2020இல் அதை ரத்து செய்தது உத்தவ் தாக்கரே ஆட்சி. எதற்கு? புதிய டெண்டர் விடுவதற்கு! 2022 நவம்பரில், ஷிண்டே - பா.ஜ.க. ஆட்சியில், 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் அதைப் பெற்றது. கம்பெனியில் அதானிக்கு 80 பங்கு, அரசுக்கு 20.

நமக்கு என்ன? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்கு, தாராவியில் 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின், 2011க்குள் வந்தவருக்கு 300 சதுர அடி. இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அதுவும் தாராவிக்கு வெளியே. மாடியில் குடியிருப்பவருக்கு வெளியே வாடகை வீடு. விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி, நகரமெங்கும் விற்று வரும் குடும்பத்தை முலுண்டுக்கு அனுப்பினால், அடுப்பு எங்கே? வாடிக்கை எங்கே?

"அப்படியானால் சாக்கடையோரமே கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை! நல்ல வீடு வேண்டும். அரசே கட்ட வேண்டும். தாராவி 5ஆம் பகுதியில் அரசின் ம்ஹாடா வாரியமே அடுக்குமாடி கட்டிக் கொடுத்ததே! அங்கே முடிந்தது மற்றப் பகுதிகளில் ஏன் முடியாது?

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கொடியோடு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாடி வீட்டாருக்கும் தாராவியிலேயே வீடு உண்டா? தொழில் செய்ய இடம் உண்டா? புதுக் கட்டிடத்தின் பராமரிப்புச் செலவு காலமெல்லாம் யார் தலையில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், கையெழுத்தோடு. சந்து சந்தாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்!