சீட்டு வந்துவிட்டது, உபாத்தியாயர் எங்கே?

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் தொழிலாளி ஒருவர் சென்ற மாதம் ஒருநாள் மாலை, மடித்த சீட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நம் அலுவலகத்திற்கு வந்தார். வேலூரில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. இங்கிலீஷில் இருந்தது. "தோழர், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. டாக்டரம்மா சொன்னாங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது" என்றார். அவருடைய ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம் என்றும், முன்பு ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்ட வகை என்றும் அதில் கண்டிருந்தது. வேலூர் போய்வந்த அன்று தறி ஓடவில்லை. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது.

அந்தப் பையன் நன்றாகப் பேசுகிறான். ஆரணி பஸ் நிலையத்திலிருந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே போகிறது என்று ஒப்பிக்கிறான். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டைகளை வரிசை பிசகாமல் எண்ணுகிறான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அன்று முழுவதும் அழுகை. கூப்பிட்டால் முகத்தைப் பார்ப்பதில்லை. 'அடங்காத பிள்ளை' என்று முதலில் பெயர் வந்தது. பிறகு அடி வந்தது. கடைசியில், "வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்" என்ற சொல்லும் வந்துவிட்டது.

வீட்டில் நாள் முழுவதும் தறி இரைகிறதே, அதற்குப் பயப்படாதவன் பள்ளி மணிக்கு ஏன் பயப்படுகிறான் என்று அந்தத் தாய் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. தறிச் சத்தத்திற்கு ஒரு தாளம் உண்டு. அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும். மணி அப்படியல்ல, திடீரென்று விழுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலைமையே இத்தகைய பிள்ளைகளை வதைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட உபாத்தியாயர் மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்பே அவனிடம் சொல்லிவிடுவார். அவனுக்கென்று ஒரே இடத்தை ஒதுக்குவார். அன்றைய பாடவேளைகளைப் படம் போட்டுச் சுவரில் மாட்டுவார். ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுவார். 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று கட்டாயப்படுத்தமாட்டார். இதற்கெல்லாம் சர்க்கார் கஜானாவிலிருந்து ஒரு தம்பிடிகூடச் செலவில்லை.

ஊரார் பேச்சோ வேறு. தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்கிறார்கள் சிலர். காற்றுச் சேஷ்டை, மந்திரித்துக் கயிறு கட்டு என்கிறார்கள் சிலர். கயிறு கட்டிய ஏழைகளை நாம் பரிகசிக்கப் போவதில்லை. படித்த உலகமும் இதே பாவத்தைச் செய்திருக்கிறது. தாயின் அன்பில்லாக் குளிர்ச்சியே இதற்குக் காரணம் என்று அமெரிக்காவில் பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் புஸ்தகமே போட்டார். பின்வந்த ஆராய்ச்சிகள் அதைத் தூக்கி எறிந்துவிட்டன. இது பிறவியிலேயே மூளை அமைந்த விதம். தாய் மீதும் குற்றமில்லை, பிள்ளை மீதும் குற்றமில்லை.

'ஆஸ்பெர்கர்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வியன்னா நகரத்து டாக்டர் ஒருவரின் பெயர். 1944இல் அவர் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் நிலைத்தது. அதே டாக்டர், 'தேறாது' என்று தாம் தீர்மானித்த குழந்தைகளை நாஜிகளின் ஷ்பீகல்குருண்ட் விடுதிக்கு அனுப்பியவர் என்பதைச் சரித்திர ஆசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். அந்த விடுதியில் மாண்ட குழந்தைகள் ஏறக்குறைய 800 பேர். இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் தனியாக இல்லை; ஆட்டிசம் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டது. ஆனால் இத்தகைய பிள்ளைகளை வியன்னா டாக்டருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே, 1925இல், கூர்ந்து பார்த்து எழுதிவைத்தவர் ஒரு சோவியத் பெண் டாக்டர். குரூன்யா சுகரேவா என்பது அவர் பெயர். மாஸ்கோவில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சேர்ந்த ஒரு நிலையத்தில் ஆறு பையன்களை வைத்துப் பார்த்தார். தேகப்பயிற்சி, சித்திரம், மரவேலை என்று கற்றுக்கொடுத்து, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வாழப் பழக்கினார். எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பிரித்து வைக்கும் பார்வை ஒன்று. இவனுக்கு எதைச் செய்தால் படிப்பான் என்று கேட்கும் பார்வை மற்றொன்று. ஆரணியில் அந்தத் தகப்பனாரிடம் "வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்" என்றவர்கள் எந்தப் பார்வையில் பேசினார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அது கூறும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சர்க்கார் பணம் பெறும் பள்ளியானாலும், அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும், இந்தப் பிள்ளைகளைப் பாரபட்சமின்றிச் சேர்த்து, அவரவர்க்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்து கற்பிக்க வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ, ஆரம்பக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது, அடிக்கக் கூடாது என்கிறது.

இங்கே ஒரு சூதைக் கவனிக்க வேண்டும். "சர்டிபிகேட்டில் 40 சதவீதம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று ஆபீசுகளில் விரட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் அடி விழும். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தரும் 31ஆவது பிரிவுக்கு 40 சதவீதம் தேவை என்பது வாஸ்தவம். ஆனால் 16ஆவது பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லவே இல்லை. பிள்ளைக்கு 40 வந்தாலும் 30 வந்தாலும், வகுப்பில் அவனுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துதர அந்தப் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. தொழிலாளி தோழர்கள் இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

சரி, சட்டம் இருக்கிறது. உபாத்தியாயர் இருக்கிறாரா? ஆரம்பப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021இல் கணக்குச் சொன்னது. நிரந்தர இடங்களை உண்டாக்கி நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் ராஜ்யங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர்கள் வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் உழல்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து புறப்பட்டுப் பள்ளி பள்ளியாக ஓடுகிறார்கள். ஒரு பிள்ளையோடு உட்காருவதற்குள் அடுத்த ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. அவர்களும் நம்மைப் போல உழைத்துப் பிழைப்பவர்களே. அவர்கள் மீதோ, கூட்டமான வகுப்பைத் தனியாளாகச் சமாளிக்கும் உபாத்தியாயர்கள் மீதோ நமக்குப் பகையில்லை. அவர்களுக்குச் சம்பளம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25க்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, புதிய கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்ததே, அந்த அக்கிரமத்தையும் இந்தப் பையனின் கணக்கில்தான் எழுத வேண்டும். அதைச் சொல்லி மாநில சர்க்கார் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. காலியிடங்களை நிரப்புவதும், தொகுப்பூதியத்தை ஒழித்துச் சம்பள விகிதம் தருவதும் அதன் பொறுப்பு.

பள்ளி கைவிட்ட பிள்ளை எங்கே போவான்? ஆரணியில் இதற்குப் பதில் தேடவேண்டியதில்லை. தறிக்குழி காத்துக்கொண்டிருக்கிறது. தார் சுற்றவும், அறுந்த இழையைப் பிணைக்கவும் சின்ன விரல்கள் எப்போதும் வேண்டும். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவி' செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்து விட்டார்கள். ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பையன். அட்டையை வரிசை பிசகாமல் எண்ணும் பையன். இவனைக் கண்டால் பட்டு முதலாளிக்குக் கசக்குமா? ஏற்கனவே வாங்கிய முன்பணம் தகப்பனார் தலைமேல் நிற்கிறது. வந்தவாசிப் பக்கத்து விவசாயக் கூலியின் பிள்ளைக்கு இதே கதி ஆட்டு மந்தையில். அரிசி ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு நெற்களத்தில்.

நம்மிடமும் குறை உண்டு. இதே நெசவாளி ஒரு வருஷம் முன்பு மகனைப் பற்றிச் சொன்னபோது, "வளர்ந்தால் சரியாகிவிடும், போங்கள்" என்று நாமே சொல்லி அனுப்பினோம். கூலி உயர்வுக்கும் போனசுக்கும் மகஜர் எழுதத் தெரிந்த நாம், இதைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். அதனால் ஒரு வருஷம் அவன் அடி வாங்கினான். அந்த வருஷத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மால் ஆகாது.

இப்போது காரியம் ஆரம்பமாகியிருக்கிறது. தலைமையாசிரியருக்குத் தமிழில் மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. முன்கூட்டி மணியைச் சொல்வது, ஒரே இடம், படப் பட்டியல், வாரம் ஒருமுறையாவது சிறப்பாசிரியர், அடி கூடாது — இவ்வளவுதான் அதில் கேட்டிருக்கிறோம். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் போயிருக்கிறது. பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ். திருவண்ணாமலை 60 கிலோமீட்டர். அன்றைக்கும் தறி நிற்கும். ஆகவே பஸ் கட்டணத்தையும் ஒருநாள் கூலியையும் சங்கம் கொடுக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். வருகிற கூட்டத்திற்கு அந்த நெசவாளியும் அவர் மனைவியும் தனியாகப் போகப் போவதில்லை. அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நெசவாளிகளும் ஆலைத் தொழிலாளர்களும் உடன் போகிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பெஞ்சுக்கு அடியில் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். மனுவின் நகல் நம் அலுவலகத்தில் கிடைக்கும்.