டோஃபு மேல் விழுந்த பழி

“மீல் மேக்கர் தின்னா மறதி வருமாமே, தம்பி?” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். முட்டைகூடத் தொடாதவர். குழம்பில் அந்தச் சோயா உருண்டைகளைப் போடுவதை நிறுத்தியே விட்டாராம்.

இந்தப் பயத்தின் வேர் ஹவாயில் இருக்கிறது. ஓவாஹு தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை, முதலில் இதய நோய்க்காக, 1965 முதல் கவனித்துவந்தார்கள். 1990-களில் நினைவாற்றலைச் சோதித்தபோது, நடுவயதில் டோஃபு (சோயாப் பால் கட்டி) அதிகம் சாப்பிட்டவர்கள் பின்தங்கினார்கள். இறந்தவர்களின் மூளையை நிறுத்துப் பார்த்ததிலும் அவர்களுக்கே எடை குறைந்திருந்தது. 2000-இல் லான் ஒயிட் குழு இதை வெளியிட்டதும் டோஃபு மேல் பழி விழுந்தது. வயதையும் படிப்பையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தலைமுறையில் டோஃபு அதிகம் சாப்பிட்டவர் யார், சிறுவயதில் அவர் வீட்டில் வேறென்ன இருந்தது என்பதையெல்லாம் எந்தக் கணக்காலும் முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது.

2008-இல் ஜாவாவிலிருந்து வந்த முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 719 முதியவர்களை ஆராய்ந்தார்கள். டோஃபு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகம் குறைவு. டெம்பே சாப்பிட்டவர்களுக்கு அதிகம். இரண்டும் அதே சோயா! டெம்பேவுக்குச் சோயாவை ஊறவைத்து, தோலை நீக்கி, வேகவைத்து, ஆறியதும் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தூவி வாழையிலையில் பொதிந்து வைப்பார்கள். ஓரிரு நாளில் வெள்ளை இழைகள் பருப்புகளைப் பின்னிக் கெட்டியான கட்டியாக்கிவிடும். அப்படியே வெட்டிப் பொரிக்கலாம். புளிக்கும்போது ஃபோலேட் சத்து கூடுகிறது. ஆக, சோயா என்று பொதுவாகப் பழிப்பதில் பொருளில்லை.

கேள்வி கேட்டுக் கணக்கெடுப்பதைவிட, கையில் கொடுத்துச் சோதிப்பதையே நான் நம்புவேன். நெதர்லாந்தில் 202 பெண்களிடம் ஓராண்டும், கலிஃபோர்னியாவில் 350 பெண்களிடம் இரண்டரை ஆண்டும் அதைச் செய்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் சுமார் 25 கிராம் சோயாப் புரதம், மீதிப் பேருக்குப் பால் புரதம். மொத்த அறிவுத்திறனில் வித்தியாசமே தெரியவில்லை. கலிஃபோர்னியாவில், பார்த்ததை நினைவில் வைக்கும் திறன் மட்டும் சோயா எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடியது. முப்பது வருடப் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு இதில் விடையில்லைதான். ஆனாலும் அந்த 25 கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் வேண்டும். பெரியம்மா வாரம் முழுக்கச் சாப்பிட்டுவந்ததே அவ்வளவு தேறாது.

வயதானவர்கள் தட்டில் புரதம் குறைந்தால் முதலில் தேய்வது கை, கால் தசை. அவருக்கு விலையில் கட்டுப்படியாகும் புரதத்தை ஒரு அரைகுறைச் செய்தி பறித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனம் ஆறவில்லை. அதே வேகத்தில், ‘மூளைக்குச் சோயா’ என்று டப்பாவில் மாவு விற்பவர்களையும் நம்ப வேண்டாம். அந்த அளவுக்குச் சான்று கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் தைராய்டு மாத்திரை போடுகிறவர். அந்த மருந்து உடலில் சேருவதைச் சோயா குறைக்கக்கூடும். காலையில் மாத்திரை போட்ட கையோடு சோயா பால் வேண்டாம், மத்தியானக் குழம்பில் மீல் மேக்கர் தாராளமாகப் போடுங்கள் என்றேன்.