தேயிலைக்கு மண் பார்க்கிறார்கள், வீட்டுக்கு யார் பார்ப்பது?

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடுங்கிய கையோடு கன்று நடமாட்டார்கள். வேர்க்கட்டைகளைப் பொறுக்கியெடுத்து, குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வைத்து, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணை ஆறவிடுவார்கள். மலையின் பல பக்கங்களிலும் மண் தோண்டி, பைகளில் கட்டி, பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பீஎச் அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கிறதா, டொலமைட் போடவேண்டுமா என்று பார்த்த பிறகுதான் கன்றுக்குக் குழி வெட்டச் சொல்வார்கள். அந்தக் குழியை வெட்டுவதும் நாம்தான்.

அதே தோட்டத்தில் நமக்கு வீடு கட்ட ஓர் இடம் ஒதுக்கும்போது இதில் பாதிக் கவனம்கூட இல்லை. சரிவு பார்க்கிறார்கள். மண்சரிவு அபாயம் உண்டா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கிறார்கள். அது மிகவும் அவசியம், பல உயிர்களைக் கொடுத்த பிறகு வந்த பழக்கம் அது. ஆனால் அந்த மண்ணுக்குள் என்ன கலந்திருக்கிறது, அதைத் தோண்டி வேறிடத்தில் நிரப்பலாமா, அதில் கீரை போடலாமா, பிள்ளை விளையாடலாமா என்று யாரும் கேட்பதைக் காணோம். அடிக்கல் நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் பெக்கோ வந்து இறங்கும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பழைய ஸ்டோருக்குக் கீழே சமதரையாகக் கிடந்த இடத்தைப் பிள்ளைகளுக்கான கட்டடம் ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பார்வைக்கு நல்ல இடம். பாதைக்கும் பக்கம், தண்ணீர்க் குழாய்க்கும் பக்கம். அளவு எடுக்கிற அன்று, பென்ஷன் வயது தாண்டிய ஓர் அம்மா கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டபடி வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த எடத்துலதான் அந்தக் காலத்துல மருந்து கலக்குவோம். டேங்கி கழுவுன தண்ணி எல்லாம் இங்கதான் ஓடும். டின்னெல்லாம் இதுக்குள்ளதான் பொதச்சாங்க." அளவு எடுக்க வந்தவர்களின் கோப்பில் இது எதுவும் இல்லை. அந்த அம்மா அன்று அந்த வழியாக வராமல் இருந்திருந்தால்?

நாம் பயம் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கோ நடந்து, நீதிமன்றம் வரை போய் முடிந்த ஒரு விடயத்தைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

இங்கிலாந்தில் கோர்பி என்று ஓர் ஊர். 1930களில் அங்கே ஒரு பெரிய இரும்பு உருக்காலை எழுந்தது. வேலைக்கு ஆள் வேண்டியபோது ஸ்கொட்லாந்தில் இருந்து ஆயிரக்கணக்கில் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 'குட்டி ஸ்கொட்லாந்து' என்றே அந்த ஊருக்குப் பெயர். ஆலையை நம்பி ஊர், ஊரை நம்பி ஆலை. இந்தக் கதை நமக்குப் பழக்கமானதுதான். 1980இல் அங்கே உருக்கு உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. மிஞ்சியது பல நூறு ஏக்கர் நிலம். அரை நூற்றாண்டுக் கழிவு அதற்குள் கிடந்தது.

ஊரை மீண்டும் எழுப்ப வேண்டும், புதிய தொழில்களைக் கொண்டுவர வேண்டும் என்று அந்த ஊர்ச் சபை நிலத்தை வாங்கித் துப்புரவு செய்யத் தொடங்கியது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. 1985 முதல் 1997 வரை வேலை நடந்தது. கழிவு கலந்த சேற்றையும் மண்ணையும் தோண்டி லொறிகளில் ஏற்றி, ஊர்த் தெருக்கள் வழியாகவே கொண்டுபோனார்கள். சில்லுகளில் ஒட்டிய சேறு தெருவில் விழுந்தது, காய்ந்தது, தூசியாகப் பறந்தது. வீட்டுக்குள் வந்தது. அதில் கட்மியம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் டயொக்சின் வகை நஞ்சுகளும் இருந்தன என்று பிற்பாடு நீதிமன்றத்தில் விவரமாகப் பேசப்பட்டது. அந்த வருடங்களில் அந்த ஊரில் கைவிரல், கால்விரல் குறைபாட்டுடன் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு தாயும் தனக்கு மட்டும் வந்த விதி என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். பின்புதான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள்.

18 பிள்ளைகளின் சார்பில் வழக்கு நடந்தது. 2009 ஜூலையில் தீர்ப்பு வந்தது. துப்புரவு வேலையைக் கவனமின்றிச் செய்ததாக ஊர்ச் சபை மீது தீர்ப்பளித்த நீதிபதி, 1989க்கும் 1999க்கும் இடையில் அந்த ஊரில் பிறவிக் குறைபாடுகள் வழமைக்கு மாறாகக் கூடியிருந்ததையும் ஏற்றுக்கொண்டார். காலக்கணக்கின்படி இளைய இரண்டு பிள்ளைகள் மட்டும் அந்தத் தீர்ப்புக்குள் வரவில்லை. அடுத்த வருடம் சபை மன்னிப்புக் கேட்டு, நட்டஈட்டு உடன்பாட்டுக்கு வந்தது. அப்போது சில பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருந்தார்கள்.

கோர்பிச் சபையிடம் கெட்ட எண்ணம் இருந்ததென்று நாம் சொல்லவரவில்லை. அவசரம் இருந்தது. இப்படிப்பட்ட நிலத்தைக் கையாளத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. மண் என்றால் மண்தானே என்ற நினைப்பும் இருந்தது. நம் நாட்டில் அடிக்கடி காணும் மூன்று விடயங்கள்.

அதே நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2012 ஒலிம்பிக் விளையாட்டுக்காக லண்டனின் கிழக்கே ஸ்ட்ராட்போர்ட்டில் பூங்காவும் மைதானமும் கட்டிய இடம், நூறு வருடத்துக்கு மேல் தொழிற்சாலைகளும் குப்பைமேடுகளும் இருந்த நிலம். எண்ணெய், தார், ஈயம், ஆசனிக் எல்லாம் ஊறிய மண். அங்கே கட்டடத்துக்கு முன் மண்ணைத்தான் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான இடங்களில் குழி தோண்டியும் துளையிட்டும் மாதிரி எடுத்தார்கள். 20 இலட்சம் கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தோண்டியெடுத்து, அங்கேயே 'மண் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்து இரண்டு இடங்களில் சுத்தம் செய்தார்கள். தோண்டிய மண்ணில் ஏறக்குறைய 80 சதவீதம் திரும்ப அதே இடத்திலேயே பயன்பட்டது. இல்லாவிட்டால் அவ்வளவு மண்ணையும் லொறிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொட்டியிருப்பார்கள். அதே அளவு புது மண்ணை வேறெங்கோ ஒரு மலையை வெட்டிக் கொண்டுவந்திருப்பார்கள்.

இந்தப் பரிசோதனை ஏதோ விளங்காத வித்தை அல்ல. முதலில் மண்வெட்டியே வேண்டாம். நிலத்தின் கதையைத்தான் கேட்கவேண்டும். முன்பு இங்கே என்ன இருந்தது, எதை வைத்தார்கள், எதைப் புதைத்தார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பழைய வரைபடம், தோட்டப் பதிவேடு, வயதானவர்களின் ஞாபகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் சொன்ன அந்த அம்மாதான் பரிசோதனையின் முதல் கட்டம். அதற்குப் பிறகுதான் குழி. மேல்மண் தனியாக, அடுத்த படை தனியாக, அதற்குக் கீழ் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்து அனுப்பினால் கெட்டது நல்லதோடு கலந்து காணாமல் போய்விடும். வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவருக்கும் இதுதான் வசதியான வழி. ஆய்வுகூடத்தில் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, அதைத் தண்ணீரில் குலுக்கி என்ன கரைந்து இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். கீழே ஊற்று இருந்தால் இது முக்கியம். நமது பீலிகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

முடிவு வந்த பிறகு மண்ணைத் தரம் பிரிக்க வேண்டும். சுத்தமானது வீட்டுத் தோட்டத்துக்கே போகலாம். சிறிது குறைந்தது பாதைக்கு அடியிலோ வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அடியிலோ போகலாம். ஏனென்றால் அங்கே யாரும் கிழங்கு போடுவதில்லை, குழந்தை மண்ணை வாயில் வைப்பதில்லை. எண்ணெய் ஊறிய மண்ணைக் குவித்துக் காற்றுப்படப் புரட்டிப் போட்டுவந்தால், மாதக்கணக்கில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். ஈயமும் கட்மியமும் அப்படிப் போகாது. அவற்றை எந்தப் புழுவும் தின்று தீர்ப்பதில்லை. அவை பெரும்பாலும் பொடிக் களியில்தான் ஒட்டியிருக்கும் என்பதால், மண்ணைக் கழுவிச் சலித்து மணலையும் கல்லையும் மீட்டுக்கொண்டு, மிஞ்சுகிற கொஞ்சக் களியை மட்டும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பலாம். எண்ணெயாவது மணக்கும். உலோகம் மணக்காது, நிறமும் காட்டாது. கண்ணால் பார்த்து "நல்ல மண்ணுதான்" என்று சொல்கிறவர் எவ்வளவு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தாலும் நம்பவேண்டாம்.

நமது மலைநாடு கோர்பி அல்ல, இங்கே உருக்காலை இல்லை. ஆனாலும் நமது மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்த பிறகு செம்பு கலந்த மருந்துகளை அடித்தார்கள். செம்பு மண்ணைவிட்டு எளிதில் போகாது. 1950களில் தண்டுத் துளைப்பானுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். அதுவும் மண்ணில் நெடுங்காலம் தங்குகிற சாதி. மலையில் பரவலாக அடித்ததைவிட, மருந்து வைத்த ஸ்டோர், கலந்த இடம், டேங்கி கழுவிய கான், வெற்று டின் புதைத்த குழி, பெக்டரி எஞ்சினின் எண்ணெய் வடிந்த மூலை ஆகியவைதான் சந்தேகத்துக்குரியவை. ஒரு தோட்டத்தில் இவை நான்கைந்து இடத்துக்கு மேல் இருக்காது. ஆனால் பெக்டரி மூடப்படும்போது, ஸ்டோர் இடியும்போது, பாதைக்குப் பக்கமாக, சமதரையாக, தேயிலை இல்லாமல் 'சும்மா' கிடப்பவை இந்த இடங்களே. கம்பனிக்கு நட்டமில்லாமல் நமக்கு ஒதுக்கிக் கொடுக்க இதைவிட வாய்ப்பான நிலம் வேறென்ன?

தோழர்கள் சிலர் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள்: "லயக் காம்பராவில் நாலு தலைமுறை கிடந்தாச்சு. இப்பதான் 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ தருகிறேன் என்கிறார்கள். மண் பரிசோதனை என்று நாமே கிளப்பினால் அதையே சாட்டாக வைத்து இன்னும் பத்து வருசம் இழுக்கமாட்டார்களா?" நியாயமான பயம். சாட்டுத் தேடுகிறவர்களை நாமும் நிறையவே பார்த்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறோம்: பரிசோதனை அடிக்கல்லுக்குப் பிறகு அல்ல, நிலம் ஒதுக்கும் அன்றே தொடங்க வேண்டும். சரிவு பார்க்க வரும் நாளிலேயே மண் மாதிரியும் எடுக்கலாம். சந்தேகமான இடத்தில் மட்டும் ஆழமாகப் பார்த்தால் போதும். ஓர் இடம் சரியில்லை என்றால் மாற்று இடத்தை அதே கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். இந்த நிபந்தனை இல்லாத பரிசோதனையை நாமும் ஆதரிக்கமாட்டோம். செலவு கம்பனியுடையதா அரசினுடையதா என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். வீட்டுக்காரரின் கடன் கணக்கில் அது ஏறக்கூடாது. பரிசோதிப்பவர் கட்டுகிற ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக்கூடாது. அறிக்கை தமிழில் தோட்டக் கமிட்டியின் கைக்கு வரவேண்டும்.

இன்னொன்று. நமது பிள்ளைகள் எத்தனை பேர் இன்று கொழும்பில் கட்டட வேலை செய்கிறார்கள்? பழைய கராஜ், பழைய தொழிற்சாலை, மூடிய குப்பைமேடு என்று நகரத்தில் எதை இடித்து மாடி எழுப்பினாலும், அத்திவாரக் குழிக்குள் முதலில் இறங்குவது தோட்டத்துப் பையன்தான். சங்கம் அவனுடைய வேலைத்தளம் வரை போவதில்லை என்பது நமது குறை, ஒத்துக்கொள்கிறோம். தோண்டும் மண்ணைப் பரிசோதித்தார்களா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு என்றாவது வீட்டில் சொல்லிக்கொடுங்கள். மண் கறுத்தோ எண்ணெய் மணத்தோடோ வந்தால் வேலையை நிறுத்திச் சொல்லட்டும். கை கழுவாமல் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவேண்டாம். அந்தச் சேற்று உடுப்போடு லீவுக்கு வந்து, கர்ப்பிணியாக இருக்கும் மனைவியிடம் துவைக்கக் கொடுக்கவும் வேண்டாம். கோர்பித் தாய்மாரில் எவரும் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டியிருக்கவில்லை. தூசி அவர்களைத் தேடி வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு தாளில் தங்கள் தோட்டத்தின் படத்தைக் கையாலேயே வரைந்து வாருங்கள். பழைய மருந்து ஸ்டோர், உர ஸ்டோர், கலந்த இடம், டின் புதைத்த குழி, பெக்டரிப் பின்புறம், பீலி வரும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். உங்களுக்குத் தெரியாததை மருந்தடித்த பழைய ஆட்களிடம் கேளுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, ஆகவே இந்த மாதமே கேளுங்கள். வீட்டுக்கு நிலம் ஒதுக்கிய தோட்டங்களின் படங்களை முதலில் எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடமும் பிரதேச செயலாளரிடமும் பேசப்போகிறோம்.