அப்பம்மாவின் குளிர்கோட்டு

லண்டனில எங்கட கத்தோலிக்க ஆச்சிமார் தவறினா, 31ஆம் நாள் நினைவு மலரில வாறது ஒரே வரிதான்: 'பக்தியுள்ள தாய், பாசமிகு பாட்டி'. ஒரு சீவியம் அவ்வளவுதானா?

2025இல் காலமான பாப்பரசர் பிரான்சிஸ் தன்ர அப்பம்மா ரோசாவைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கோ. செபம் சொல்லித் தந்தவ எண்டதோட அவர் நிப்பாட்டேல்லை. 1929இல் குடும்பம் இத்தாலியை விட்டு ஆர்ஜென்டீனாவில வந்திறங்கேக்க அங்க நல்ல கோடை வெக்கை. அவ மட்டும் குளிர்கோட்டோட நிண்டாவாம். சொத்து வித்த காசு அதுக்குள்ள வைச்சுத் தச்சிருந்தது! அவையின்ர ஊர்ப்பேச்சையும் பேரன் அவவிட்ட இருந்துதான் பழகினார்.

எங்கட ஆச்சிமாரும் அப்பிடிக் காவி வந்தவைதான். அவையின்ர செபமாலை பேரப்பிள்ளையளுக்குத் தெரியும். வந்த பாதை தெரியுமோ? எழுதத் தெரிஞ்ச நாங்களாவது, அவை இருக்கேக்கயே கேட்டு எழுதி வைப்பம்.